ராமேஸ்வரக் கரையில் வீடு ஏன் நிலைப்பதில்லை?

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்படும் வரை, 108 ஆண்டுகள் கடலின் நடுவே நின்று பாரம் சுமந்தது. தூண்களுக்கு மேலே முழுக்க இரும்பு, உப்புக்கு முதல் இரை. அந்தப் பாலம் இணைத்த தீவில், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும், அலை ஒருநாளும் தொடாத கான்கிரீட் வீடுகள் பல, இருபது வயதை எட்டுவதற்குள் தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிய நிற்கின்றன. வெளிநாட்டு உழைப்பையும் நகைக்கடனையும் சீட்டுப் பணத்தையும் போட்டுக் கட்டிய வீடு, கட்டியவர் காலத்திலேயே உதிர்கிறது.

ஏன் என்று கேட்டால் இந்தக் கரையில் நான்கு பதில்கள் கிடைக்கும். உப்புக்காற்று, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்பது ஒன்று. கொத்தனார் சரியில்லை என்பது இரண்டாவது. அரசு கட்டிக் கொடுத்ததே அரைகுறை என்பது மூன்றாவது. பக்கத்து வீட்டுக்காரர் பழுது பார்க்க விடவில்லை என்பது நான்காவது. நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் நான்கும் ஒரே எடை உடையவை அல்ல. எதற்கு எவ்வளவு எடை என்று தெரியாததால்தான் பணம் தப்பான இடத்தில் செலவாகிறது, கோபம் தப்பான ஆள்மேல் பாய்கிறது. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

உப்பு எவ்வளவு குற்றவாளி?

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, உள்ளூர் வழக்கில் ஆண்கடல். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் பக்கமிருந்தும், வாடைக்காலத்தில் பெண்கடல் பக்கமிருந்தும் காற்று அடிக்கிறது. மற்றக் கடலோர ஊர்களுக்கு ஆண்டில் சில மாதமாவது உப்பு குறையும். இந்தத் தீவுக்கு அந்த ஓய்வு அரிது. மண்டபம் பகுதியின் அரிப்பு நாட்டிலேயே கடுமையானவற்றுள் ஒன்று என்பதால்தான், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே அரிப்புச் சோதனை நிலையம் வைத்து, உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் வெட்டவெளியில் நிறுத்தி ஆராய்ந்து வந்திருக்கிறது.

உப்பு வேலை செய்யும் முறை இது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை காக்கிறது. கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப்படலம் உருவாகிறது. காற்றில் வரும் உப்பின் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் ஊடுருவி, கம்பியை எட்டியதும் அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு துரு. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து வரும் அந்த நெருக்கலைத் தாங்காமல் கான்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பு வழியே இன்னும் அதிக உப்பும் ஈரமும் போகின்றன. “கம்பி வெடிச்சிருச்சு” என்று ஊரில் சொல்வது இதைத்தான். கம்பி வெடிப்பதில்லை, வீங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். உப்பு கம்பியை எட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்பதைக் கடல் தீர்மானிப்பதில்லை. கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கிறது, அது எவ்வளவு அடர்த்தியானது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒரே தெருவில், ஒரே காற்றில், ஒரு வீடு பத்தாண்டில் வெடிப்பதும் இன்னொன்று முப்பது ஆண்டு தாங்குவதும் அதனால்தான்.

பாம்பன் பாலத்தைச் சான்றாகக் காட்டும்போது ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. பாலத்தின் இரும்பு வெளியே தெரிவது. துருவைக் கண்டால் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம், கெட்ட பாகத்தைக் கழற்றி மாற்றலாம். வீட்டுத் தளத்தின் கம்பியோ உள்ளே புதைந்தது. அதோடு ரயில்வேயிடம் பணம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தபோது 46 நாளில் அதைச் சீர்செய்து ரயில் விட்டார்கள். 2007இல் அகல ரயில்பாதைக்காக வலுப்படுத்தினார்கள். ஒரு மீனவர் வீட்டுக்கு இந்த வசதிகள் எங்கே?

இந்த மறுப்பை ஏற்ற பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அந்தப் பாலத்தைப் பேணுவது யார் வேலை என்பது முதல் நாளிலிருந்தே எழுதப்பட்டிருந்தது. பெயிண்ட் அடிக்க ஆள் இருந்தார், ஆய்வுக்கு நாள் இருந்தது, செலவுக்குத் தலைப்பு இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருப்பது, நூறாண்டு அனுபவம் வடிவமைப்புக்குள் ஏறியதன் அடையாளம். உப்பைக் கணக்கில் எழுதிக் கட்டினால், கட்டியதை முறை வைத்துப் பேணினால், அதே காற்றில் நூறு ஆண்டு தாங்க முடியும் என்பதைப் பாலம் நிறுவிவிட்டது. ஆகவே உப்பு இந்தக் கரையின் இயல்பு. வீடு விழுவதற்கான முழு விளக்கமாக அதை ஏற்க முடியாது.

கொத்தனார் மட்டுமா?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் விதித்தொகுப்பு, 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கடலோரத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடற்காற்று நேரே படும் கான்கிரீட் ‘கடுமையான’ சூழல் வகையில் வருகிறது. அதற்குக் குறைந்தது எம்-30 தரம், ஒரு கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படாத நீர், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் என்று விதி சொல்கிறது. கடல்நீர்த் தெறிப்பு படும் இடமானால் எம்-35, 50 மில்லிமீட்டர். கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. கசடுச் சிமெண்ட், சாம்பல் கலந்த சிமெண்ட் இரண்டும் கடலோரத்துக்கு ஏற்றவை என்பதையும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது.

நடைமுறை வேறு. 1:2:4 என்ற சட்டிக் கணக்கு இன்னும் வழக்கில் இருக்கிறது. அது எம்-15 அளவுக்குத்தான் வரும். கடலோரத் தரம் கிடக்கட்டும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கே பொதுவாகக் குறைந்தபட்சம் எம்-20 வேண்டும். கலவை இளகி ஓடினால் கொட்டுவது சுலபம் என்று தண்ணீரைக் கூட்டுகிறார்கள். கூடுதல் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் உப்புக்கு வழியாகிறது. மூடல் அளவுக்குக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் கருங்கல் ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகுகிறார்கள். ஆள் மிதித்ததும் ஜல்லி நழுவி, கம்பி சென்ட்ரிங் தகட்டைத் தொட்டுவிடுகிறது. நாலு அங்குலத் தளத்தில் 45 மில்லிமீட்டர் மூடல் வைக்கவும் முடியாது. தளத்தையே தடித்து வார்த்தாக வேண்டும். தண்ணீரின் நிலை இன்னும் மோசம். மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவே முறை வைத்து வருகிறது. அதைக் கான்கிரீட்டுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? ஆகவே ஆழ்குழாயின் உப்புநீரிலேயே கலவை, உப்புநீரிலேயே நனைப்பு. கடற்காற்று எட்டுவதற்கு முன்பே உப்பு உள்ளே போய்விட்டது.

இதை வைத்துக் கொத்தனார்மேல் முழுப்பழியும் போடுவது எளிது, நியாயம் ஆகாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது கூடுதல் சிமெண்டுக்கும் தடித்த தளத்துக்கும் நல்ல தண்ணீர் லாரிக்கும் சேர்த்துப் பேசும் வீட்டுக்காரர் மிகக் குறைவு. வீட்டுக்காரர் கேட்பது இரண்டாவது மாடிக்குத் தாங்குமா என்றுதான். உப்புக்குத் தாங்குமா என்று கேட்பதில்லை. மண்டபத்திலும் காரைக்குடியிலும் சேர்ந்த அறிவு, ஐம்பது மைல் சுற்றளவில் கரண்டி பிடிக்கும் ஒருவருக்கு அவர் மொழியில், அவர் வேலையிடத்தில் போய்ச் சேர எந்த ஏற்பாடும் இல்லை. சொல்லிக் கொடுக்காத பாடத்தில் தேர்ச்சி எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

மேற்பார்வை என்ற இடமும் காலியாகவே கிடக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறைப்படி, 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம். அலையவிடாத, கைநீட்ட இடமில்லாத முறை, வரவேற்க வேண்டியது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சிறு வீடுகளுக்குக் கட்டுமான நிறைவுச் சான்றிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாள் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று பார்க்கும் கடமை எந்தக் கண்ணுக்கும் இல்லை.

பிறகு சட்டப் பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பில் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டு வரை கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் திட்டங்களுக்குத்தான் பொருந்தும். இந்தக் கரையில் பெரும்பாலானவை சொந்த மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டும் தனி வீடுகள். சட்டத்தின் கை அங்கே எட்டாது. நுகர்வோர் சட்டத்தின் வழி திறந்திருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தத்தை வைத்து எந்த ஆணையத்தில் எதை நிரூபிப்பது? இரண்டாவது குற்றச்சாட்டின் எடை பெரிது. அதைக் கொத்தனார், வீட்டுக்காரர், அனுமதி முறை என்று மூன்று பேர் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும்.

பழைய வீடே மேல் என்பது சரியா?

அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில், தாம் வளர்ந்த ராமேஸ்வரம் மசூதித் தெரு வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறார். கீழக்கரையின் பழைய வணிகர் வீடுகளும் அந்த மரபைச் சேர்ந்தவை. பழைமைக்குத் திரும்புவோம் என்று சொல்வோர் இவற்றைக் காட்டுகிறார்கள். அவர்கள் வாதத்தின் அடிப்படை சரி. சுண்ணாம்புச் சுவருக்குள் கம்பி இல்லை. துருப்பிடிக்க எதுவும் இல்லை. ஈரத்தை வாங்கி வெளிவிடும் தன்மை சுண்ணாம்புக்கு உண்டு. ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது என்ற வழக்கம், பண்டிகையின் பெயரால் நடந்த பராமரிப்பு. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் ஓட்டுக்கூரையைத் தாங்கியது. ஒன்று உளுத்தால் அதை மட்டும் மாற்றினார்கள்.

ஆனால் இந்த வாதம் மறைக்கும் விலை ஒன்று இருக்கிறது. இந்தக் கரையின் பழைய கட்டடங்களுக்குப் பவளப்பாறையை வெட்டிக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் பயன்படுத்தினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர் அதற்குச் சாட்சி. பவளப்பாறை வெட்டியதன் விளைவு கடலில் தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இன்று பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். பனையை வெட்ட 2021 முதல் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், அதுவும் சரியே. மூன்று சென்ட் மனையில் இரண்டு மகன்களுக்கும் இடம் வேண்டுமென்றால் மேலே எழுப்பியாக வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் ஓடும் அதற்கு இடம் தருவதில்லை.

எனவே முடிவை இரண்டாகப் பிரிக்கலாம். தரைத்தளத்தோடு நிற்கும் வீட்டுக்கு, சுமைதாங்கும் செங்கற்சுவரும், வாங்கிய கல்சுண்ணாம்புப் பூச்சும், ஓட்டுக்கூரையும் இன்றும் அறிவான தேர்வு. மாடி வேண்டுவோர் கான்கிரீட்டைத் தவிர்க்க முடியாது. அவர்கள் கடலோரத் தரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கக்கூடாது. பழைய வீட்டிடம் நாம் கடன் வாங்க வேண்டியது பொருளைவிட முக்கியமான ஒன்று: ஆண்டுக்கொரு முறை வீட்டைக் கூரை முதல் அடிவரை பார்த்துவிடும் பழக்கம்.

அரசு கட்டிக் கொடுத்தவை

தொகுப்பு வீடு, காலனி வீடு, சுனாமி குடியிருப்பு. மாவட்டத்தில் எந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போனாலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். சுனாமிக்குப் பின் 2005இல் வகுத்த கொள்கைப்படி, ஏறத்தாழ 325 சதுர அடியில் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் தமிழகக் கடலோரம் நெடுகிலும் வீடுகள் எழுந்தன. குடிசையில் இருந்தவர்களுக்கு நிலையான கூரை கிடைத்தது; அதன் மதிப்பைக் குறைத்துப் பேசுவது அநீதி. இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு, 360 சதுர அடி வீடுகள் கட்டப்படுகின்றன. இது மானியத் தொகையும் வடிவமும் உயர்ந்த திட்டம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இவை எல்லாமே கட்டி முடிக்கும் நாளோடு முடிகின்ற திட்டங்கள். அடித்தளம், ஜன்னல் மட்டம், தளம் என்று கட்டத்துக்குக் கட்டம் பணம் விடுவிக்கிறார்கள். சாவி கொடுத்த பின் ஐந்தாம் ஆண்டில் தளத்தைப் பார்க்க ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை. பயனாளிக்குப் பட்டாவும் படமும் தருகிறார்கள். இந்த வீட்டை உப்பிலிருந்து எப்படிக் காப்பது என்று ஒரு பக்கத் தாள்கூடத் தருவதில்லை.

பழுது பார்ப்பதற்கு ஒரு திட்டம் வராமல் இல்லை. 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளை 2000 கோடி ரூபாயில் சீரமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. கட்டுவதை மட்டுமே சாதனையாகக் கொண்ட நிர்வாகம் பழுது பார்ப்பதற்கும் நிதி ஒதுக்கியது பெரிய மாற்றம், மனமாரப் பாராட்டலாம். ஆனால் சராசரி வீட்டுக்கு 80,000 ரூபாய். கம்பி அரித்த தளத்துக்கு இது பல வீடுகளில் பூச்சு வேலையோடு தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய குறை ஆண்டு வரம்பு. உள்நாட்டில் இருபத்தைந்து ஆண்டில் வரும் பழுது கடலோரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டிலேயே வந்துவிடுகிறது. 2005க்குப் பின் கட்டிய சுனாமி வீடுகள், இருக்கும் நிலை எதுவானாலும், இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. வயதைப் பார்க்கும் விதி, காற்றைப் பார்க்கவில்லை.

பூச்சு வேலையைப் பற்றி ஒரு சொல். வெடித்த இடத்தை மட்டும் கொத்தி, கம்பியைச் சுரண்டாமல், மேலே சிமெண்ட் பூசுவதே இங்கே பழுது பார்த்தல் என்று பெயர் பெற்றிருக்கிறது. பூசிய இடத்தில் கம்பி புதிய காரத்தால் காக்கப்படுகிறது; அதை ஒட்டி, உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பியோ முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்குகிறது. இரண்டு மழைக்குள் பக்கத்து இடம் வெடிப்பது இதனால். மேலோட்டமான பழுதுபார்ப்பு, நோயை மூடிவைத்து அடுத்த அறைக்கு அனுப்புவது.

அண்டை வீடு

நான்காவது குற்றச்சாட்டுதான் மிகக் குறைவாக எழுதப்பட்டது. மிக அதிகமாகப் பேசப்படுவதும் இதுவே. நெருங்கிய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் பூச வேண்டுமானால் சாரம் கட்ட அடுத்தவர் இடத்தில் கால் வைக்க வேண்டும். பழைய மனஸ்தாபம் ஒன்று இருந்தால் அனுமதி கிடைக்காது. பூசாத பக்கத்திலிருந்து ஈரம் ஏறி இரண்டு வீட்டையும் தின்னும்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் இன்னொரு வகை உண்டு. தாத்தா கட்டிய வீடு பாகம் பிரியாமல் கிடக்கிறது. வாரிசுகள் வளைகுடாவிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். யார் செலவு செய்தாலும் மற்றவர்கள் பங்கு தருவார்களா என்ற ஐயம். செலவு செய்தவர் நாளை உரிமை கொண்டாடுவாரோ என்ற அச்சம். இரண்டுக்கும் நடுவில் பூட்டிய வீடு மழைநீரைக் குடித்துக் குடித்து, பக்கத்து வீட்டுச் சுவர்மேல் சாய்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரையை உயர்த்திக் கட்டியவர் வீட்டு நீர் தாழ்ந்த வீட்டுக்குள் புகும். சாலையை மேல்மேலே போட்டால் தெருவே உயர்ந்து எல்லா வீட்டுக்குள்ளும் புகும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அனுப்பிய உத்தரவு இந்த வேதனையை உணர்ந்து வந்ததே. ஒப்பந்தக்காரர் சாலை போடும் நாளில் தெருக்காரர்கள் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கழிவுநீர்ச் சிக்கல் எல்லாவற்றிலும் கடினமானது. தீவின் மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும் நன்னீரே வீட்டுக் கிணறுகளின் ஊற்று. கழிவுநீரை மண்ணில் இறக்கும் குழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மூன்று சென்ட் மனை சதுரமாக இருந்தால் பக்கத்துக்குப் பதினொரு மீட்டர்தான். விதிப்படி நடக்க விரும்புகிறவராலும் தன் மனைக்குள் அந்த இடைவெளியைக் காட்ட முடியாது. அவர் குழி அடுத்தவர் கிணற்றுக்கு அருகே அமைந்தே தீரும். ஆண்டு முழுதும் யாத்திரிகர் வரும் ஊரில் ஒரு வீடு விடுதியாக மாறி, இரண்டு குளியலறை பத்தாகும்போது, அதே குழிதான் அத்தனையையும் வாங்குகிறது. இதைத் தனி மனிதரின் நாகரிகக் குறைவாகப் பார்த்துச் சண்டையிட்டால் தீர்வு வராது. தெரு முழுவதற்குமான கழிவுநீர் ஏற்பாடு உள்ளாட்சியின் கடமை. வீட்டை விடுதியாக மாற்ற அனுமதி தரும்போது கழிவுநீர்க் கொள்ளளவைப் பார்ப்பதும் அதன் கடமையே.

சட்டம் என்ன தருகிறது? 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஒளி, காற்று, சுவர்த் தாங்கல் ஆகியவற்றில் இருபது ஆண்டு அனுபவத்தால் வரும் உரிமையைக் காக்கிறது. ஆனால் அதற்கான வழி உரிமையியல் நீதிமன்றம். பெயர்ந்த காரைக்கு வழக்குப் போட்டு, தீர்ப்பு வருவதற்குள் சுவரே போய்விடும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம் வேறு வழி வகுத்தது: சுவரில் வேலை செய்பவர் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும், உடன்பாடு வராவிட்டால் அளவையாளர் முடிவு சொல்வார், வழக்கு கடைசிப் படி. சிங்கப்பூர் இன்னும் எளிமையாகச் செய்தது. அடுக்கு வீட்டில் மேல்தளத்திலிருந்து கீழ்க்கூரைக்கு நீர் கசிந்தால், பழுதுபார்க்கும் செலவில் பாதியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்கும் உதவித் திட்டம் அங்கே உண்டு. மீதியில் மேல்வீட்டுக்காரர் கால் பங்கு, கீழ்வீட்டுக்காரர் கால் பங்கு. யார் குற்றம் என்ற வழக்கை ஒதுக்கி, பழுதை முதலில் தீர்க்கும் வழி அது. நம் பிள்ளைகள் பலர் அந்த அடுக்குகளில்தான் வசிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, அடுக்கக உரிமையாளர்களின் சங்கத்துக்கும் பொதுப் பராமரிப்புக்கும் சட்ட வடிவம் கொடுத்தது. ஒட்டி ஒட்டி நிற்கும் தனி வீடுகளின் தெருவுக்கு அப்படி ஒன்று இல்லை. அண்டை வீட்டுக்காரரின் பிடிவாதம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, முடிவு சொல்ல ஆள் இல்லாத வெற்றிடம்.

தீர்ப்பு

நான்கையும் நிறுத்த பிறகு முடிவு இது. உப்பு வீட்டைத் தாக்குகிறது. வீழ்த்துவது நாம் விட்ட இடைவெளிகள். முதல் பொறுப்பு, கடலோரத் தரத்தை ஏட்டில் வைத்துவிட்டு உள்நாட்டுக் கணக்கில் கட்டும் முறைக்கு. தரமில்லாமல் கட்டிய கான்கிரீட்டை எவ்வளவு அக்கறையாலும் நெடுநாள் காக்க முடியாது. ஆகவே இதற்கே அதிக எடை. இரண்டாவது பொறுப்பு, கட்டுவதற்கு மட்டும் பணம் தந்து, பேணுவதை யார் பெயரிலும் எழுதாத அரசுத் திட்டங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும். மூன்றாவது, பொதுச்சுவரையும் பாகம் பிரியாத வீட்டையும் பற்றிச் சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்கு. கொத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் கடைசியில் வருகிறார்கள். ஆனால் ஊர்க்கோபம் அவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது.

அரசு செய்யக்கூடியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. கடலோர ஊராட்சிகளில் தளம் வார்ப்பதற்கு முன் கம்பி மூடலையும் தண்ணீரையும் ஒருமுறை சோதிப்பதைக் கட்டாயமாக்கலாம். சீரமைப்புத் திட்டத்தில் கடலோரத்துக்கு மட்டும் ஆண்டு வரம்பை நீக்கி, வீட்டின் நிலையை அளவுகோலாக்கலாம். பாகம் பிரியாத வீட்டை உள்ளாட்சியே பழுது பார்த்து, செலவைச் சொத்துவரியோடு சேர்த்து வாரிசுகளிடம் வசூலிக்க விதி செய்யலாம். பொதுச்சுவர் வழக்குகளுக்கு நகராட்சிப் பொறியாளரை முதல் நடுவராக்கலாம். மண்டபத்தில் சேர்ந்த அரிப்பு அறிவைக் கொத்தனார்களுக்கு இரண்டு நாள் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

வீட்டுக்காரர் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டப்போகிறவர், எம்-30, 45 மில்லிமீட்டர் மூடல், சோதித்த நன்னீர் என்ற மூன்றையும் ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; தளம் வார்க்கும் நாளில் அங்கே நில்லுங்கள். கட்டி முடித்தவர், ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன் மாடிக்கு ஏறித் தண்ணீர் தேங்கும் இடத்தைப் பாருங்கள். தளத்தின் அடியில் துருக்கறை தெரிந்தால் அந்த ஆண்டே கொத்தி, கம்பியைச் சுரண்டி, உப்பேறிய கான்கிரீட்டை முழுதும் எடுத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். உங்கள் சுவரில் சாரம் கட்டப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், ஒத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் சுவர் காய்ந்தால்தான் உங்கள் சுவரும் நிற்கும்.